டயாலிசிஸ் லூப்புக்கு எது: ஹைப்போவா, பெராசெட்டிக்கா, சுடுநீரா, ஓசோனா?

புதிதாக டயாலிசிஸ் பிரிவு தொடங்குகிறவர்கள் கேட்கும் கேள்வியையே, பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் பிரிவில் தண்ணீர் கல்ச்சர் ரிப்போர்ட் திடீரென்று எகிறிப்போய்த் தவிக்கிறவர்களும் கேட்கிறார்கள். ஆர்.ஓ. பிளான்ட்டிலிருந்து மெஷின் வரை போய்ச் சுற்றித் திரும்பும் குழாயை, அதாவது லூப்பை, எதை வைத்துக் கிருமிநீக்கம் செய்வது? ஒரு விற்பனைப் பிரதிநிதி ஓசோன் என்கிறார், இன்னொருவர் சுடுநீர் என்கிறார். பழைய டெக்னீஷியன், "ஹைப்போ (பிளீச்சிங் திரவம்) இருக்க வேற எதுக்கு?" என்கிறார்.

எது அதிகமாகக் கிருமியைக் கொல்லும் என்ற கோணத்தில் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. சரியான அளவில், சரியான நேரம் வைத்தால் நான்குமே கொல்லும். வித்தியாசம் இருப்பது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, கிருமியைக் கொல்வது உங்கள் குழாயையும் மெஷினையும் எவ்வளவு தின்கிறது. மற்றது, நீங்கள் அதை நிஜமாகவே எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்வீர்கள். இந்த இரண்டையும் தனித்தனிப் பிரச்சினையாகப் பார்ப்பதால்தான் பாதி சிக்கல் வருகிறது.

## துருவும் கிருமியும் சேர்ந்தே வருவது எப்படி

ஒரு டயாலிசிஸ் அமர்வில் நிமிடத்துக்கு 500 மி.லி. வீதம் நான்கு மணி நேரம் திரவம் ஓடினால் 120 லிட்டர். வாரம் மூன்று முறை என்றால் 360 லிட்டர். இவ்வளவு நீரும் நோயாளியின் ரத்தத்திலிருந்து ஒரு மெல்லிய சவ்வு தூரத்தில்தான் போகிறது. நாம் குடிக்கும் தண்ணீருக்குக் குடல் என்றொரு காவல் உண்டு. இதற்கு அது கிடையாது.

ஆர்.ஓ. தாண்டிய நீரில் குளோரின் இல்லை, உப்பும் ஏறக்குறைய இல்லை. குளோரின் இல்லாததால் கிருமிக்குத் தடையில்லை. உணவே இல்லாததுபோலத் தோன்றும் அந்த நீரிலும் சூடோமோனாஸ், ரால்ஸ்டோனியா, ஸ்டெனோட்ரோபோமோனாஸ் போன்றவை சௌகரியமாக வளரும். உப்பு இல்லாததாலும், லேசான அமிலத்தன்மையாலும், அந்த நீர் தொட்ட உலோகத்தைக் கரைக்கவும் செய்யும். அதனால்தான் ஆர்.ஓ.வுக்குப் பிறகு செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய இரும்பு, அலுமினியம் எதுவும் வரக்கூடாது என்பது அடிப்படை விதி. செம்பு கரைந்து போனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். அலுமினியம் மூளைக்கும் எலும்புக்கும் விஷம்.

தண்ணீர் குழாயைத் தின்றால் என்ன ஆகும் என்பதற்குக் கரீபியனில் உள்ள குராசாவ் தீவில் 1996-இல் நடந்ததைச் சொல்லலாம். ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு வரும் நீர்க்குழாயை மாற்றி, உள்ளே சிமென்ட் பூசிய புதுக் குழாய் போட்டார்கள். தீவின் நீர் கடல்நீரைச் சுத்திகரித்துக் கிடைப்பது. கடினத்தன்மை குறைந்த, பொருளைக் கரைக்கும் நீர். சிமென்ட்டில் இருந்த அலுமினியம் அதில் கரைந்து வந்தது. அங்கே சிகிச்சை பெற்ற 27 பேரில் 10 பேர் இறந்தார்கள். அங்கே கிருமி ஒன்றும் இல்லை. குழாய்ப் பொருளும் நீரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

நம் ஊரில் இது இன்னும் சாதாரண வடிவில் வரும். அவசரத்துக்கு வந்த பிளம்பர் லூப்பின் நடுவில் ஒரு பித்தளை பால் வால்வைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். பிரஷர் கேஜின் கழுத்து பித்தளையாக இருக்கும். ஹைப்போ பட்டதும் அங்கேதான் முதலில் பச்சை பூக்கும்.

இனி கிருமிப் பக்கம். குழாயின் உட்சுவர் வழுவழுவென்று இருக்கும்வரை ஓடும் நீர் கிருமியை ஒட்டவிடாமல் ஓரளவு அடித்துக்கொண்டு போகும். சுவரில் அரிப்பால் குழி விழுந்தால், வெல்டிங் தடிப்பு இருந்தால், பி.வி.சி. மூட்டில் பசை பிதுங்கி நின்றால் அங்கே படலம் கட்டும். பயோஃபிலிம் என்கிற அந்தப் படலத்துக்குள் உட்கார்ந்த கிருமியை மேலே ஓடும் மருந்து எளிதில் தொடாது. கல்ச்சர் ஏறியது என்று மருந்தின் அளவைக் கூட்டுகிறோம். கூட்டிய மருந்து இன்னும் குழி போடுகிறது. அடுத்த மாதம் கல்ச்சர் மறுபடி ஏறுகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

நான்கையும் ஒப்பிடும் முன் ஐந்து கேள்விகளுக்கு எழுதிப் பதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. லூப் என்ன பொருள்? பி.வி.சி.யா, வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்குகளான பெக்ஸா, பி.வி.டி.எஃப்.பா, 316எல் ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா? தொட்டி உண்டா, இல்லை ஆர்.ஓ.விலிருந்து நேராக லூப்புக்கா?
2. மருந்து எங்கே வரை போகும்? ஆர்.ஓ. மெம்பிரேன், தொட்டி, லூப், சுவரிலிருந்து மெஷினுக்குப் போகும் அந்த ஒரு மீட்டர் ஹோஸ், இவற்றில் எது விடுபடுகிறது?
3. வராமல் தடுக்கவா, இருக்கும் படலத்தை அகற்றவா?
4. இரவில் எத்தனை மணி நேரம் லூப் சும்மா இருக்கிறது?
5. வருடத்துக்கு மொத்தம் என்ன செலவு? மருந்து விலை மட்டும் போதாது. அலசும் தண்ணீர், கரண்ட், மாற்றும் வாஷர், டெக்னீஷியனின் இரவுநேரம் எல்லாம் சேர்த்து.

இரண்டாவது கேள்வியில் வரும் ஹோஸைப் பற்றி ஒரு வார்த்தை. மெஷினைக் கிருமிநீக்கம் செய்யும்போது பெரும்பாலும் மருந்து மெஷினின் பின்புறக் கேனிலிருந்து உள்ளே இழுக்கப்படும். லூப்பைச் செய்யும்போது மருந்து லூப்பைச் சுற்றித் திரும்பிவிடும். நடுவில் உள்ள ஹோஸ் இரண்டிலும் சேராது. லூப் ரிப்போர்ட் சுத்தம், மெஷின் ரிப்போர்ட் மோசம் என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்த ஹோஸ்தான்.

எட்ட வேண்டிய எல்லை தெளிவாகவே இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 23500 வரிசையின்படி டயாலிசிஸ் நீரில் மி.லி.க்கு 100 கிருமித் தொகுதிகளுக்குக் கீழே, செத்த கிருமியிலிருந்து வெளிவரும் எண்டோடாக்சின் என்ற நச்சு 0.25 அலகுக்குக் கீழே இருக்க வேண்டும். பாதி அளவை, அதாவது 50-ஐயும் 0.125-ஐயும் தொட்டாலே நடவடிக்கை எடுக்க வேண்டும். இன்னும் தூய்மையான அல்ட்ராப்யூர் திரவம் என்றால் 0.1-க்கும் 0.03-க்கும் கீழே.

## ஹைப்போ

சோடியம் ஹைப்போகுளோரைட். எங்கும் கிடைக்கும், விலை குறைவு, படலத்தில் உள்ள புரதத்தையும் கொழுப்பையும் கரைப்பதில் நான்கில் இதுவே கெட்டிக்காரன். வெறுமனே கொன்றுவிட்டுச் செத்த படலத்தைச் சுவரிலேயே விட்டுவைப்பதைவிட, அதைப் பிய்த்து வெளியேற்றுவது முக்கியம். அந்த வேலையை ஹைப்போ செய்யும்.

கணக்கு எளிது. தொட்டியும் லூப்பும் சேர்ந்து 200 லிட்டர் என்று வையுங்கள். 500 பி.பி.எம். (லிட்டருக்கு 500 மி.கி.) வேண்டுமென்றால் 100 கிராம் குளோரின். கேனில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் 2 லிட்டர் ஊற்ற வேண்டும். ஆனால் ஹைப்போ வெயிலிலும் சூட்டிலும் தானாகவே வலுவிழக்கும். மொட்டைமாடிப் படிக்கட்டடியில் மே மாதம் முழுக்கக் கிடந்த கேன் 3 சதவீதமாகியிருந்தால் உங்கள் லூப்பில் இருப்பது 300 பி.பி.எம். மட்டுமே. லேபிளை நம்பாமல் ஸ்டிரிப் (சோதனைத் தாள்) வைத்துப் பாருங்கள்.

வலு குறைந்த மருந்தின் விளைவு சின்னதாக இருக்காது. அமெரிக்காவின் லூசியானாவில் 1982-இல் ஒரு மையத்தில் 140 நோயாளிகளில் 27 பேருக்குக் காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியத் தொற்று வந்தது. நீரில் அந்தக் கிருமி இருந்தது. ரத்தத்தை வடிகட்டும் டயலைசரை மறுபயன்பாட்டுக்குச் சுத்தம் செய்த ஃபார்மால்டிஹைடின் வலு அதைக் கொல்லப் போதவில்லை. மருந்து வேறு, இடம் வேறு, ஆனால் பாடம் ஹைப்போ கேனுக்கும் பொருந்தும்.

இனி அதன் கெட்ட பக்கம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் மேலே கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடுப் பூச்சு இருக்கிறது. துருவைத் தடுப்பது அதுதான். குளோரைடு அதைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். 304 ரகம் சீக்கிரம் தோற்கும். 316எல் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனால் வாரம் தவறாமல் ஹைப்போ என்றால் அதுவும் தாங்காது. மெஷினுக்குள் வெப்பப் பரிமாற்றி, கியர் பம்ப், வாஷர்கள் எல்லாம் இதே வரிசையில் வரும். மெஷினில் உள்ள எண்டோடாக்சின் ஃபில்டருக்கு எத்தனை முறை ஹைப்போ தாங்கும் என்று தயாரிப்பாளர் தனிக் கணக்கே வைத்திருப்பார். அதைத் தாண்டினால் ஃபில்டர் இருந்தும் இல்லாததுபோலத்தான்.

ஆர்.ஓ. மெம்பிரேனில் ஹைப்போ படவே கூடாது. இப்போது புழக்கத்தில் உள்ள பாலியமைடு மெம்பிரேன் கிருமிநீக்க வலுவுள்ள குளோரினில் சில மணி நேரத்திலேயே கெட்டுப்போகும். ஆகவே ஹைப்போ எடுக்கிறவர்கள் மெம்பிரேனுக்கு என்று பெராசெட்டிக்கையும் வாங்கித்தான் ஆக வேண்டும். விலைப்பட்டியலில் இந்த இரண்டாவது கேன் தெரிவதே இல்லை.

மறைந்திருக்கும் பெரிய செலவு அலசுவது. மொத்தக் குளோரின் லிட்டருக்கு 0.1 மி.கி.க்குக் கீழே வரும்வரை அலச வேண்டும்; மீதி இருந்தால் நோயாளியின் சிவப்பணுக்கள் உடையும். 200 லிட்டர் லூப்பை நான்கு முறை நிரப்பி வடித்தால் 800 லிட்டர் ஆர்.ஓ. நீர். பாதி நீர் ரிஜெக்ட்டில், அதாவது கழிவாக, போகும் பிளான்ட் என்றால் 1,600 லிட்டர் கச்சா நீர். டேங்கர் லாரித் தண்ணீரில் ஓடும் ஆஸ்பத்திரிக்கு இது கோடையில் கண்ணுக்குத் தெரியும் காசு. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் அங்கே வேலை செய்யும் நல்ல கிருமிகளையும் இந்த நீர் கொன்றுவிடும்; கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும்.

மெஷினில் படியும் கார்பனேட் கல்லைக் கரைக்க சிட்ரிக் அமிலமோ வினிகரோ விடுகிறோம் அல்லவா? அது முழுக்க அலசப்படாமல் ஹைப்போவைத் தொட்டால் குளோரின் வாயு கிளம்பும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அலசல் சுழற்சி கட்டாயம்.

எப்போது ஹைப்போ சரி: பி.வி.சி. லூப், சின்ன பிரிவு, இரவில் ஆறேழு மணி நேரம் ஓய்வு, ஏற்கனவே படலம் கட்டியிருக்கிறது. எப்போது வேண்டாம்: ஸ்டெயின்லெஸ் லூப், நான்கு ஷிஃப்ட், தண்ணீர்ப் பஞ்சம்.

## பெராசெட்டிக் அமிலம்

டயலைசர் மறுபயன்பாட்டுக்கு 'ரெனாலின்' என்ற பெயரில் பலருக்கும் பழக்கமான மருந்தின் குடும்பம். லூப்புக்கு வரும் கேனில் பொதுவாக 4 முதல் 5 சதவீதம் பெராசெட்டிக் அமிலமும், 20 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜன் பெராக்சைடும் இருக்கும். 1 சதவீதக் கரைசலாக்கினால் 200 லிட்டருக்கு அதே 2 லிட்டர்தான். ஆனால் லிட்டர் விலை ஹைப்போவைப்போலப் பல மடங்கு.

அந்த விலைக்கு என்ன கிடைக்கிறது? மெம்பிரேன், தொட்டி, லூப் என்று எல்லாவற்றையும் ஒரே மருந்தில் முடிக்கலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் குளோரைடுபோலத் துளைக்காது. கடைசியில் அசிட்டிக் அமிலம், நீர், ஆக்சிஜன் என்று பிரிந்துவிடுவதால் கழிவுநீரிலும் தொல்லை குறைவு. மைக்கோபாக்டீரியா, ஸ்போர் என்று முரட்டு ஆசாமிகளையும் கவனிக்கும்.

குறைகளும் உண்டு. செம்பு, பித்தளை இருந்தால் ஹைப்போவைப்போலவே இதுவும் தின்னும். நன்றாகக் கொல்லும், ஆனால் பழைய தடித்த படலத்தைப் பிய்த்து எடுப்பதில் ஹைப்போ அளவுக்கு வராது. பல வருடம் கவனிக்காத லூப்பில் பெராசெட்டிக்கை மட்டும் விட்டால் ரிப்போர்ட் இரண்டு வாரம் நன்றாக இருந்து பிறகு பழையபடி ஏறுவது இதனால்தான்.

இதைவிடப் பெரியது இரும்பு விவகாரம். போர்வெல் நீரில் இரும்பு இருந்து, அது மெம்பிரேனில் படிந்திருந்தால், அந்த இரும்பே பெராசெட்டிக்கின் வேகத்தைத் தூண்டிவிட்டு மெம்பிரேனைக் கெடுத்துவிடும். முதலில் அமிலம் விட்டு இரும்பைக் கழுவி எடுத்துவிட்டுத்தான் பெராசெட்டிக் விட வேண்டும். போர்வெல் ஊர்களில் உள்ளவர்கள் இந்த ஒரு வரியை பிளான்ட் அறைச் சுவரிலேயே எழுதி ஒட்டலாம். "பெராசெட்டிக் விட்ட பிறகு கண்டக்டிவிட்டி ஏறிடுச்சு, மருந்து சரியில்ல" என்ற புகாரின் பின்னால் இதுவும் இருக்கலாம் (கண்டக்டிவிட்டி ஏறுவது உப்பு மெம்பிரேனைத் தாண்டி வருவதன் அடையாளம்).

கேன் காற்றுவிடும் மூடியோடு வரும்; உள்ளே ஆக்சிஜன் உருவாகிக்கொண்டே இருப்பதால் மூடியை மாற்றி இறுக்கக் கூடாது. வெயில்படாத குளிர்ந்த இடம் வேண்டும். தோலில் பட்டால் புண், கண்ணில் பட்டால் ஆபத்து. கண்ணாடி, கையுறை இல்லாமல் கேனைத் திறக்கவே கூடாது. மூக்கைத் துளைக்கும் காடி நெடி பிளான்ட் அறையில் நிற்கும், எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். எஞ்சிய அளவு 1 பி.பி.எம்.முக்குக் கீழே போகும்வரை அலசி, ஒவ்வொரு மெஷின் முனையிலும் ஸ்டிரிப் வைத்துப் பார்க்க வேண்டும். லூப்பின் ஒரே இடத்தில் பார்த்துவிட்டு விடுவது போதாது. கிளையில் தேங்கிய மருந்து அங்கே தெரியாது.

எப்போது சரி: எந்தக் குழாய் என்றே தெரியாத பழைய கட்டடம், கலப்புப் பொருள் லூப், மாதம் ஒருமுறை ஆழமான கிருமிநீக்கம், மெம்பிரேன். எப்போது வேண்டாம்: தினமும் செய்ய வேண்டும் என்றால் காசும் நேரமும் கட்டுப்படியாகாது.

## சுடுநீர்

வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: புதிதாக லூப் போடுகிறவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். அதிகமாகக் கொல்கிறது என்பதற்காக இல்லை. தினமும் செய்யலாம் என்பதற்காக.

80 டிகிரியில் 10 நிமிடம் என்பதை வெப்பக் கிருமிநீக்கத்தில் 600 புள்ளி என்று கணக்கிடுவார்கள். வெப்பம் 90 டிகிரி ஆனால் அதே 600 ஒரே நிமிடத்தில் கிடைத்துவிடும். 70 ஆனால் 100 நிமிடம் ஆகும். எங்கே அளக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். ஹீட்டர் வாயில் 85 காட்டி, லூப் திரும்பி வரும் முனையில் 68 காட்டினால் உங்கள் கடைசிக் கட்டில் உள்ள நோயாளிக்குக் கிருமிநீக்கம் நடக்கவே இல்லை.

மருந்து இல்லை, ஸ்டிரிப் இல்லை, அலசல் இல்லை. ஆறினால் போதும். இரவு பன்னிரண்டு மணிக்கு டைமர் தானாகத் தொடங்கி, காலை முதல் ஷிஃப்ட்டுக்கு முன் முடிந்துவிடும். யாரும் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. வெப்பம் குழாய்ச் சுவர் வழியாகவே ஊடுருவுவதால் மருந்து நுழையாத வால்வு இடுக்கிலும், வாஷர் பின்னாலும் போய்ச் சேரும். மெஷினும் அதற்கேற்ற வசதியோடு இருந்தால், லூப்பின் சுடுநீரை மெஷினுக்குள் இழுத்து, அந்த அநாதை ஹோஸையும் சேர்த்தே முடித்துவிடலாம். இது ஒன்றுக்காகவே இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

சரி, கரண்ட்? 200 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 85-க்கு ஏற்ற ஏறக்குறைய 13 யூனிட். குழாயில் விரயமாவதையும், சூட்டைப் பிடித்து நிறுத்துவதையும் சேர்த்து 20 என்றே வையுங்கள். தினசரிக் கரண்ட் செலவு பயமுறுத்துவது இல்லை. பயமுறுத்த வேண்டியது ஹீட்டரின் கிலோவாட். 12 கிலோவாட் ஹீட்டர் என்றால் சூடேறவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்கு மூன்று ஃபேஸ் வேண்டும், சாங்ஷன் லோடு கூட்ட வேண்டியிருக்கலாம், இரவில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் தாங்குமா என்று பார்க்க வேண்டும். எந்தக் கொட்டேஷனிலும் இது இருக்காது.

அடுத்தது குழாய். பி.வி.சி. 60 டிகிரிக்கு மேல் இளகும்; கதை அங்கேயே முடிந்தது. பெக்ஸ், பி.வி.டி.எஃப்., 316எல் மூன்றும் தாங்கும். ஆனால் சூட்டில் நீளும். 50 மீட்டர் ஸ்டெயின்லெஸ் குழாய் 55 டிகிரி ஏற்றத்தில் நான்கு செ.மீ.க்குக் கொஞ்சம் மேல் நீளும். அதே நீளப் பெக்ஸ் சுமார் 40 செ.மீ. நீளும். கிளாம்ப்பை இறுக்கிப் பிடித்துச் சுவரோடு பூட்டிவிட்டால் தினமும் நீண்டு சுருங்கி மூட்டுகள் கசியத் தொடங்கும். பிளாஸ்டிக் தொட்டிக்கு இங்கே இடமில்லை: ஸ்டீல் தொட்டி, இல்லாவிட்டால் தொட்டியே இல்லாத நேரடி லூப்.

ஸ்டெயின்லெஸ் என்றால் துரு கிடையாது என்ற நம்பிக்கையும் இங்கே கொஞ்சம் ஆட்டம் காணும். மிகத் தூய நீர் சூடாக ஓடும் குழாயின் உள்ளே நாளடைவில் செம்பழுப்புப் பூச்சு ஒன்று படரும். ரூஜிங் என்பார்கள். வெல்டிங் சமயத்தில் உள்ளே ஆர்கான் வாயு ஓடவிடாமல் கறுத்துப்போன மூட்டுகளில்தான் துரு முதலில் எட்டிப்பார்க்கும். வேலை முடிந்ததும் அமிலம் விட்டு பாசிவேஷன் (அந்த ஆக்சைடுப் பூச்சை மறுபடி உருவாக்குவது) செய்து கொடுக்கிறார்களா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அதைத் தவிர்த்துவிட்டு விலை குறைத்துக் காட்டுகிற ஒப்பந்தக்காரர்கள் உண்டு.

சூட்டுக்கு ஒரு பெரிய பலவீனம்: ஏற்கனவே கட்டிய படலத்தை அது அகற்றாது, வேகவைத்துவிட்டு அங்கேயே விடும். செத்த கிருமியின் எண்டோடாக்சினையும் 85 டிகிரி ஒன்றும் செய்யாது. அதை அழிக்க உலர்ந்த சூட்டில் 250 டிகிரி வேண்டும். அதனால் இது முதல் நாளிலிருந்தே புதிய, சுத்தமான லூப்பில் தொடங்கினால் மட்டுமே பலன் தரும் முறை. பழைய லூப்பில் ஹீட்டர் மட்டும் வாங்கி மாட்டுவது பணவிரயம்.

## ஓசோன்

வலுவான ஆக்சிஜனேற்றி, குளிர்ந்த நீரிலேயே வேலை செய்யும், படலத்தையும் ஓரளவு தாக்கும், தானாகவே ஆக்சிஜனாகச் சிதைந்துவிடும். 254 நானோமீட்டர் யு.வி. விளக்கு வைத்தால் மீதமுள்ளதையும் உடனே உடைத்துவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் மெம்பிரேனைக் கெடுக்கும், சாதாரண ரப்பர் வாஷரில் விரிசல் விழவைக்கும். இதற்கு முழுமையாக நம்பிப் போடக்கூடிய குழாய் 316எல்லும் பி.வி.டி.எஃப்.பும்தான். வேலையிடக் காற்றில் 0.1 பி.பி.எம். தாண்டக் கூடாது என்பதால் கசிவுக்கு அலாரம் வேண்டும். ஜெனரேட்டர் பழுதானால் பக்கத்து ஊரில் சரிபார்க்க ஆள் இருக்கிறாரா என்ற கேள்விக்குப் பெரும்பாலான மாவட்டங்களில் பதில் இல்லை. பெரிய மருத்துவக் கல்லூரி, சொந்த பயோமெடிக்கல் குழு, நாற்பது கட்டில் என்றால் யோசிக்கலாம். மற்றவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

யு.வி. விளக்கை மட்டும் லூப்பில் மாட்டிவிட்டு, "கிருமிநீக்கம் ஆச்சு" என்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யு.வி. தன்னைத் தாண்டும் நீரை மட்டும் பார்க்கும். சுவரில் உள்ள படலத்தைத் தொடாது. செத்த கிருமியிலிருந்து எண்டோடாக்சின் வெளிவரும் என்பதால் பின்னால் அதைப் பிடிக்கும் ஒரு நுண்வடிகட்டி (அல்ட்ராஃபில்டர்) இல்லாமல் யு.வி. வைப்பது அரைகுறை வேலை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | ஹைப்போ | பெராசெட்டிக் | சுடுநீர் | ஓசோன் |
|---|---|---|---|---|
| பி.வி.சி. லூப் | சரி | சரி | கூடாது | குறைந்த அளவில் மட்டும் |
| 316எல் லூப் | தவிர்க்கவும் | சரி | சரி, ரூஜிங் கவனிக்க | சரி |
| ஆர்.ஓ. மெம்பிரேன் | கூடாது | சரி, இரும்பு இல்லையெனில் | வெப்பம் தாங்கும் ரகம் மட்டும் | கூடாது |
| பழைய படலம் | நன்றாக அகற்றும் | சுமார் | அகற்றாது | ஓரளவு |
| அலசும் தண்ணீர் | அதிகம் | அதிகம் | கிட்டத்தட்ட இல்லை | குறைவு |
| முதலீடு | மிகக் குறைவு | குறைவு | அதிகம் | மிக அதிகம் |
| தினமும் செய்யலாமா | நடைமுறையில் இல்லை | நடைமுறையில் இல்லை | ஆம் | ஆம் |
| ஊழியருக்கு ஆபத்து | குளோரின் வாயு | தீப்புண் போன்ற காயம் | கொதிநீர்க் காயம் | நச்சு வாயு |

## உங்கள் நிலைமை எது

ஐந்தாறு மெஷின், பி.வி.சி. லூப், ஒரு டெக்னீஷியன். லூப்புக்கு ஹைப்போ, மெம்பிரேனுக்குப் பெராசெட்டிக். மாதக் கடைசியில் அளவைக் கூட்டி ஒரே அடியாக அடிப்பதைவிட, மிதமான அளவில் வாரம் ஒருமுறை என்று பிடித்துக்கொள்ளுங்கள். படலம் கட்ட ஒரு மாதம் கொடுத்துவிட்டால் எந்த அளவும் போதாது.

கல்ச்சர் ஏறிய பழைய லூப். மருந்தை மாற்றும் முன் குழாயைப் பாருங்கள். பயன்படுத்தாத மெஷினுக்குப் போகும் நீண்ட கிளை, தட்டையான அடியுள்ள தொட்டி, 0.2 மைக்ரான் ஃபில்டர் இல்லாத காற்றுத்துளை, லூப் திரும்பும் முனையில் மந்தமான ஓட்டம். தொட்டி வைத்த லூப்பில் திரும்பும் வேகம் விநாடிக்கு 0.9 மீட்டராவது, நேரடி லூப்பில் 0.46 மீட்டராவது வேண்டும். இவற்றைச் சரிசெய்துவிட்டு, முதலில் ஹைப்போவால் படலத்தை அகற்றி, முழுக்க அலசி, பிறகு பெராசெட்டிக். மூன்று மாதம் பார்த்தும் இறங்கவில்லை என்றால் லூப்பையே மாற்றுவது மலிவு. லூப் ஸ்டெயின்லெஸ் என்றால் இந்த ஒருமுறை ஹைப்போவையும் தயாரிப்பாளரைக் கேட்டுவிட்டே விடுங்கள்.

புதுக் கட்டடம், பத்து மெஷினுக்கு மேல். தொட்டி இல்லாத பெக்ஸ் அல்லது ஸ்டெயின்லெஸ் லூப், வெப்பம் தாங்கும் மெம்பிரேன், சுடுநீர். தொடக்கத்தில் பி.வி.சி.யைவிட நன்றாகவே கூடும். ஆனால் மருந்து, அலசும் தண்ணீர், இரவு ஆள்சம்பளம் மூன்றையும் ஐந்து வருடத்துக்குப் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பட்ஜெட் உதைத்தால் ஹீட்டரைப் பிறகு வாங்கலாம். குழாயை மட்டும் இப்போதே வெப்பம் தாங்கும் ரகமாகப் போட்டுவிடுங்கள். சுவரை இரண்டாம் முறை உடைப்பதுதான் விலையுயர்ந்த வேலை.

நான்கு ஷிஃப்ட் ஓடும் பிரிவு. இரவில் மூன்று மணி நேரம்தான் மிச்சம் என்றால் மருந்து ஊற்றி, நேரம் வைத்து, அலசி, ஒவ்வொரு முனையிலும் சோதித்து முடிக்க முடியாது. அவசரத்தில் விடுபடுவது எப்போதும் கடைசிச் சோதனைதான். அதில் விபத்து வாய்ப்பு அதிகம். இங்கே சுடுநீர், இல்லையென்றால் வாரத்தில் ஒரு ஷிஃப்ட்டைக் குறைப்பது. நிர்வாகத்துக்கு இரண்டாவது பிடிக்காது, அதைச் சொல்லியே முதலாவதற்குப் பணம் வாங்கலாம்.

மெஷின்கள். லூப்புக்கு எது எடுத்தாலும் மெஷினுக்கு அதன் கையேடு சொல்வதுதான் சட்டம். பெரும்பாலானவற்றில் சிட்ரிக் அமிலத்தோடு சூடு என்பது தினசரி வேலைக்குப் போதும். கல்லும் கரையும், கிருமியும் போகும். ஹைப்போவை வாரம் ஒருமுறை என்று நிறுத்திக்கொண்டால் வாஷரும் பம்ப்பும் பிழைக்கும். பைகார்பனேட் கரைசல் கிருமிக்கு விருந்து. கலக்கியதை 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், கேனை அன்றன்றே கழுவிக் கவிழ்க்க வேண்டும். மெஷினின் வெளியே அடித்தட்டில் சொட்டிக் காய்ந்த கரைசல் உப்பை ஈரத்துணியால் துடைக்காமல் விட்டால் அங்கே தொடங்கும் துருவுக்கும் மேலே சொன்ன எந்த முறைக்கும் சம்பந்தமில்லை. அதைத் துடைக்கவென்று நேராக ஹைப்போ துணியை எடுப்பவர்கள் துருவை இன்னும் வேகப்படுத்துகிறார்கள்.

எதை எடுத்தாலும் தண்ணீர் மாதிரியைக் கிருமிநீக்கத்துக்கு முந்தைய காலையில், லூப் திரும்பும் முனையிலிருந்து எடுங்கள். மருந்து விட்ட மறுநாள் எடுத்த மாதிரி யாருக்கும் நல்ல ரிப்போர்ட்தான் தரும். லேபில் ரத்த அகாரில் 37 டிகிரியில் வைத்தால் இந்த நீர்க் கிருமிகள் சரியாக வளராது. ஆர்2ஏ அல்லது டி.ஜி.ஈ.ஏ. எனும் சத்துக்குறைந்த அகார் தட்டில், 17 முதல் 23 டிகிரியில், ஏழு நாள் என்று கேட்டு வாங்குங்கள். நோயாளிக்குக் குளிர் நடுக்கம் வந்த அன்று மட்டும் காத்திருக்காமல், அவர் மெஷினிலிருந்தும் ஹோஸிலிருந்தும் அப்போதே மாதிரி எடுத்துவிடுங்கள்.